ஈஸ்டர் வரை பதினான்காம் நம்பர் ஓடாது

1

இங்கிலாந்துக்கு வந்து ஏழு வருடம் முடிந்த அன்று காலையில் டெப்போ கேன்டீனில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். குளிர்கால நேர அட்டவணை. வருடா வருடம் செப்டம்பர் கடைசியில் வருவதுதான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பதினான்காம் நம்பருக்கு நேராக மணி எதுவும் போடவில்லை. ஒரு வரி மட்டும் இருந்தது. அக்டோபர் கடைசியோடு நிறுத்த உத்தேசம், ஈஸ்டருக்கு மறுபடி தொடங்கும்.

பதினான்கு என் வண்டி.

இது தெற்குக் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். பெயரை எழுதவில்லை, இன்னும் இந்த ஊர் பஸ் கம்பெனியில்தான் சம்பளம் வாங்குகிறேன். ஈஸ்டரிலிருந்து செப்டம்பர் வரை இந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. லண்டனிலிருந்தும் வடக்கேயிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பிளாஸ்டிக் வாளி, மண்வெட்டி, நாய், வெயிலில் சிவந்துபோன முதுகு. அரை மணிக்கு ஒரு வண்டி விடுவோம். மேல்தளத்தில் கூரை இல்லாத வண்டிகூட உண்டு. ரயில் நிலையத்தில் கிளம்பி, கடற்கரைச் சாலை வழியாகப் போய், விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் கேரவன் வண்டிகள் நிற்கும் மைதானத்தைத் தாண்டி, குன்றின் மேலே இருக்கும் கிராமத்தில் முடியும். அங்கே கலங்கரை விளக்கம் இருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியில் இறங்கிப் போவார்கள்.

அக்டோபரில் எல்லாம் சுருங்கிவிடும். ஐஸ்கிரீம் கடைகளுக்குப் பலகை அடிப்பார்கள். கேரவன் மைதானத்தின் கேட்டுக்குச் சங்கிலி விழும். உப்புக்காற்றில் கண்ணாடி மங்கிப்போய், ஒவ்வொரு நடைக்கும் துடைக்க வேண்டியிருக்கும். இதுவரை குளிர்காலத்திலும் நாளைக்கு ஐந்து நடையாவது மேலே போய் வந்தது. இந்த வருடம் அதுவும் கிடையாது என்று தாள் சொன்னது.

கலங்கரை விளக்கம் பார்க்க வருகிறவர்கள் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் கிராமத்தில் அறுபது எழுபது வீடுகள் இருக்கின்றன. அவர்கள் எங்கும் போவதில்லை.

2

நான் சின்னமனூரில் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். பெயர் ராசு. இங்கே அது ராஜ் ஆகிவிட்டது. என் மனைவி செல்வி நர்ஸ். அவளுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, அவளுடைய விசாவில் நானும் மகன் கவினும் வந்தோம். என் தாளில் எழுதியிருந்த சொல்லுக்கு, சார்ந்து வாழ்பவர் என்று அர்த்தம். பதினைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அதைப் படிக்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

நம் லைசென்ஸ் இங்கே கார் ஓட்டவே ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். பஸ் ஓட்ட முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, கம்ப்யூட்டரில் கேள்வித்தாள், பிறகு வண்டி. முதல் தடவை ஃபெயில் ஆனேன். கியரிலோ ரிவர்ஸிலோ குறையில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரிசோதகர் நாலாவது ஹாரனுக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டார். குமுளி மலைப்பாதையில் ஹாரன் அடிக்காமல் திரும்புகிறவனைத்தான் நாங்கள் பைத்தியக்காரன் என்போம் என்று அவரிடம் சொல்ல எனக்கு அப்போது ஆங்கிலம் போதவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒருவர் ஏறி, ஃப்ரண்டுக்கு ஒரு டிக்கெட் என்றார். முன்சீட்டைக் கேட்கிறார் என்று நினைத்து, எனக்குப் பின்னால் இருந்த இருக்கையைக் கையால் காட்டினேன். அவர் மறுபடியும் ஃப்ரண்ட் என்றார். நான் மறுபடியும் காட்டினேன். வரிசையில் நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். இந்த ஊரில் ஃப்ரண்ட் என்றால் கடற்கரைச் சாலை. அது ஒரு அகராதியிலும் இந்த அர்த்தத்தோடு என் கண்ணில் பட்டதில்லை, பட்டிருந்தாலும் அந்த நேரத்துக்கு வந்திருக்காது.

ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். ஐந்து வருடமும் சீசன் டிரைவர். மார்ச் முதல் அக்டோபர் வரை முழு வேலை. அதன்பின் அவர்கள் போன் பண்ணினால் போக வேண்டும், பண்ணாவிட்டால் வீட்டில் துணி மடிக்க வேண்டும். எங்கள் மேலாளர் கேரி இந்தக் கோடையில் என்னைக் கூப்பிட்டு, ஒரு நிரந்தர இடம் வருகிறது, அது உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்.

கவினுக்குப் பதினைந்து ஆகிறது. எட்டு வயதில் வந்தவன். பள்ளியில் அவன் பெயர் கெவ். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், அந்தப் பதிலும் வர வரச் சுருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டு வரும் வண்டி எனக்கு விழும். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை நண்பர்கள் நாலு பேரோடு ஏறினான். அட்டையைக் காட்டினான், பின்னால் போனான். இறங்கும்போது மற்றவர்களைப் போலவே, "சியர்ஸ், டிரைவர்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

இங்கே எல்லாரும் நன்றியை அப்படித்தான் சொல்வார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. செல்வியிடம் நான் இதைச் சொல்லவில்லை.

3

டோரீன் குன்றின் மேல் கிராமத்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். நாள் தவறாமல் பதினொன்று நாற்பது வண்டிக்கு நிற்பார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் சின்னதாக ஒரு டப்பா. முதல் இருக்கையில் உட்கார்ந்து, டிரைவரோடு பேசக்கூடாது என்று எழுதியிருக்கும் பலகைக்கு நேர் கீழே இருந்துகொண்டு, இறங்கும் வரை என்னோடு பேசிக்கொண்டே வருவார்.

அவருடைய கணவர் ஆல்பி, ஊருக்குள் இருக்கும் முதியோர் இல்லத்தில் இருந்தார். மறதி நோய். பெயர்கள் எல்லாம் போய்விட்டன. டோரீன் யார் என்பதும் பெரும்பாலான நாட்களில் தெரியாது. ஆனால் சாப்பாட்டை டோரீன் கையால் கொடுத்தால் மட்டும் வாயைத் திறப்பார். வேறு யார் கரண்டியை நீட்டினாலும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். அதனால்தான் அந்தப் பதினொன்று நாற்பது.

தாள் ஒட்டிய மறுநாள் நிறுத்தங்களிலும் ஒட்டிவிட்டார்கள். டோரீன் அதைப் படித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கேரவன் மைதானம் தாண்டியதும் கேட்டார்.

"ராஜ், வருகிற ஈஸ்டர் எப்போது?"

விடுமுறைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ஏப்ரலில் வரும்."

"ஆல்பி அதுவரை பசி தாங்கமாட்டார்."

குறை சொல்வதுபோல இல்லை. மழை வருமா என்று பார்ப்பதுபோலச் சொன்னார். பின் இருக்கையில் கைக்குழந்தையோடு கெல்லி இருந்தாள். வாடகை குறைவு என்று மேலே குடியிருப்பவள், கீழே சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்ப்பவள். அவளும் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நான் வண்டி ஓட்டுகிறவன் மட்டும்தான், டோரீன்" என்றேன்.

"தெரியும் கண்ணா" என்றார் அவர்.

வண்டி ஓட்டுகிறவன் மட்டும்தான் என்று நான் சொன்ன அந்த வார்த்தை எனக்கு நன்றாகப் பழக்கமானது. முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அன்று அதற்குக் கிடைத்த பதில் வேறு.

4

எங்கள் மினி பஸ் சின்னமனூரில் கிளம்பி, மார்க்கையன்கோட்டை போய், அங்கிருந்து வாய்க்கால் ஓரமாக உள்ளே திரும்பி, வயல்களுக்கு நடுவே இருக்கும் நாலு சின்ன ஊர்களைத் தொட்டு முடியும். அந்த நாலு ஊருக்கும் வேறு வண்டி கிடையாது.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிகள் கூட்டம் கூட்டமாகக் கம்பம் வழியாகச் சபரிமலைக்குப் போவார்கள். தை பிறக்கும் வரை பள்ளத்தாக்கு முழுக்கச் சரண கோஷம்தான். ஓனர் ஸ்பெஷல் பெர்மிட் வாங்கி எங்கள் மினி பஸ்ஸை அந்த இரண்டு மாதமும் மலைக்கு அனுப்பிவிடுவார். எனக்கு அது கொண்டாட்டம். தினப்படி கூடுதலாக வரும், பம்பை வரை போய் வரலாம், சாமிமார்கள் சாப்பாடும் வாங்கித் தருவார்கள். உள்ளூரில் பஸ் எப்போது வரும் என்று யாராவது கேட்டால், "சீசன் முடியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

ஒரு வருடம் தை பிறந்து, பொங்கல் லீவு முடிந்த மறுநாள் காலையில் வழக்கமான நடைக்குத் திரும்பினேன். கடைசி ஊரில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பிப் பார்க்கிறேன், வண்டிக்கு முன்னால் முப்பது பெண்கள். நடவுக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். பஸ்ஸைச் சிறைபிடித்துவிட்டார்கள். பம்பரை ஒட்டி, தார் ரோட்டில், வெள்ளை யூனிஃபார்மோடு ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி தாயி, டைம் ஆகுது" என்றேன்.

"ரெண்டு மாசமா ஆகாத டைமு இப்ப ஆகுதாக்கும்?"

"அதெல்லாம் ஓனர்கிட்டப் பேசுங்க. நான் வண்டி ஓட்டுறவன் மட்டுந்தான்."

"ஓனரு இங்கனயா இருக்காரு? ஸ்டியரிங்கு உங்க கையிலதான இருக்கு. நீங்கதான மலைக்கு ஓட்டிட்டுப் போனீக."

அவள்தான் செல்வி. தேனியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மாதமும் விடியும் முன்னே கிளம்பி, பனியில் நாலு கிலோமீட்டர் நடந்து மார்க்கையன்கோட்டைக்கு வந்து பஸ் பிடித்திருக்கிறாள். வார்டுக்குத் தாமதமாகப் போன நாட்களையெல்லாம் வராத நாளாகப் போட்டுவிட்டார்கள். வருகைநாள் போதாமல் பரீட்சை எழுத விடவில்லை. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட, அவள் ஆறு மாதம் தனியாகப் பின்தங்கி எழுத வேண்டியிருந்தது. இது எதுவும் எனக்கு அன்று தெரியாது.

மதியம் வரை வண்டி நகரவில்லை. பிறகு செல்வி எழுதிய மனுவில் நாலு ஊரும் கையெழுத்துப் போட்டது. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுப்பதாக முடிவானது. மனுவைக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்றார்கள். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஓனர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த கார்த்திகைக்கு மலைக்கு வேறு வண்டி பிடித்தார், எங்கள் மினி பஸ் வயல்வழியே ஓடிக்கொண்டிருந்தது.

மறு வருடம் அவள் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனோம். "ரோட்டுல உக்காந்த புள்ளையவா?" என்று என் அப்பா இரண்டு தடவை கேட்டார். அவளேதான் என்றேன்.

5

டோரீன் ஈஸ்டரைப் பற்றிக் கேட்ட அன்று மாலை செல்வி வேலை முடிந்து வந்தாள். சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"கூட்டம் என்னிக்கு?"

இங்கே ஒரு தடத்தை நிறுத்துவதற்கு முன்னால் உள்ளூர் கவுன்சில் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். அது தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது, வரும் வழியில் நிறுத்தத்தில் படித்திருக்கிறாள். அவள் எதையும் அடியிலிருந்துதான் படிப்பாள்.

"நான் போக முடியாது செல்வி. கம்பெனி ஆள் வெளிய பேசக்கூடாதுன்னு ரூல் இருக்கு."

"கம்பெனி ஆளாப் போகாதீக. இந்த ஊர்ல குடியிருக்கிற ஆளாப் போங்க. யூனிஃபார்மைக் கழட்டி வச்சிட்டுப் போனா யாரு என்ன கேக்கப் போறாக?"

"கேரி கேப்பான். பெர்மனன்ட் இடம் அவன் கையிலதான் இருக்கு."

அவள் அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அது இல்லாமப் போனா இன்னொரு வருசம் சீசன் டிரைவரா இருங்க. எனக்குச் சம்பளம் வருதுல்ல. ஆனா அந்தம்மா ஊட்டப் போகலைன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பத்து நாள்ல அந்த ஐயாவை எங்க வார்டுக்குத்தான் தூக்கிட்டு வருவாக. மூக்குல ட்யூப் போடச் சொல்லுவாக. அவுக கையைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டு நாந்தான் போடணும்."

நான் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் மனு எழுத எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தேன். சின்னமனூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கற்றது. மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொண்டு, 'கைண்ட்லி டு தி நீட்ஃபுல்' என்று முடித்தேன். நாம் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதுவோமே, அதுதான். கவினிடம் கொடுத்து, பிழை பார்க்கச் சொன்னேன். காதில் இருந்த ஒயரைக் கழற்றிவிட்டு வாசித்தான். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"அப்பா, நோபடி செஸ் திஸ்." யாரும் இப்படிச் சொல்வதில்லையாம்.

"எதை?"

"நீட்ஃபுல். இங்கன யாருக்கும் அது புரியாது. ஒங்களுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் சொல்லுங்க."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் முழுதாகச் சொன்ன தமிழ் வாக்கியம். இங்கன என்றது என் மனதைத் தொட்டது. அவனுக்கே தெரியாமல் வந்திருக்கும். ஒரு பக்கத்தை அரைப் பக்கமாக வெட்டிக் கொடுத்தான். தாழ்மை, பணிவு, வேண்டுகோள் எல்லாம் போயிருந்தது. படித்துப் பார்த்தால் மிரட்டல் கடிதம் போல எனக்குப் பட்டது. இதுதான் இங்கே மரியாதை என்றான்.

"கூட்டத்துக்கு வாரியாடா?"

"ஃபுட்பால் இருக்கு" என்று ஒயரை மாட்டிக்கொண்டான்.

6

நூலகத்தின் மாடியில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம். போய் உட்கார்ந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். குன்றின் மேலிருந்து யாரும் வரவில்லை. வர வண்டி இருந்தது, கூட்டம் முடிந்து திரும்ப வண்டி இல்லை. கடைசி நடை ஆறே காலுக்குப் போய்விடும். பஸ்ஸைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் வர முடியாதபடி நேரம் குறித்திருந்தார்கள். வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு அது தோன்றவே தோன்றாது.

டோரீன் இருப்பார், அவர் பேசுவார், நான் பக்கத்தில் நின்றால் போதும் என்று நினைத்து வந்தவன் நான். இரண்டாம் வரிசையில் கேரி இருந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், தலையை ஆட்டவில்லை.

கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் திரையில் படம் போட்டுக் காட்டினார். பயணிகள் எண்ணிக்கைக்கு, கோடையில் உயரமான கம்பங்கள், குளிர்காலத்தில் குட்டையான கம்பங்கள். குளிர்காலத்தில் ஒரு நடைக்குச் சராசரி நான்கு பயணிகள் என்றார். யாருக்காவது கேள்வி உண்டா என்று தலைமை வகித்த கவுன்சிலர் அம்மா கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

கவின் வெட்டிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பேசினேன்.

"என் பெயர் ராஜ். இந்த ஊரில் குடியிருக்கிறேன். அந்தப் படத்தில் இருக்கும் நான்கு பேரை எனக்குத் தெரியும். தினமும் அதே நான்கு பேர். உங்கள் வண்டிக்கு அவர்கள் வெறும் நான்கு பேர். அவர்களுக்கு அது ஒரே வண்டி."

ஆல்பியைப் பற்றிச் சொன்னேன், பெயரைச் சொல்லாமல். கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். இதுவரை சரியாகத்தான் வந்தது. முடிக்க வேண்டிய இடத்தில் வாய் தானாகப் பழைய தடத்தில் போய்விட்டது.

"கைண்ட்லி டு தி நீட்ஃபுல்" என்றேன்.

யாரோ லேசாகச் சிரித்தார்கள். காது சூடானது. கவுன்சிலர் அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த நீட்ஃபுல் என்னவென்று சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

அதற்கு நான் தயாராக வரவில்லை. ஆனால் அது என் தொழில். நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன்.

"ஐந்து நடை வேண்டாம். நான்கு போதும். மேலேயிருந்து ஏழு இருபதுக்கு ஒன்று, பதினொன்று நாற்பதுக்கு ஒன்று. கீழேயிருந்து இரண்டே காலுக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று. புது வண்டி வேண்டாம். பள்ளிக்கூட நடை ஓடும் வண்டி ஒன்பது மணிக்கு டெப்போவுக்கு வந்து மூன்று மணி வரை சும்மா நிற்கிறது. டிரைவரும் அதோடு சேர்ந்து சும்மா நிற்கிறார். நடுவில் உள்ள இரண்டு நடையும் அந்த இடைவெளியில் போய் வரலாம், காலை நடையைப் பள்ளி நடைக்கு முன்னாலும் மாலை நடையை அதற்குப் பின்னாலும் ஓட்டலாம்."

கம்பெனி இளைஞர் திரும்பிக் கேரியைப் பார்த்தார். கேரி தரையைப் பார்த்தார். கவுன்சிலர் அம்மா நான் சொன்ன நான்கு நேரத்தையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். சரி என்றேன்.

7

பத்து நாளில் முடிவு வந்தது. அந்த நான்கு நடையும் ஓடும், கவுன்சில் செலவில், சோதனை முறையில். ஜனவரி கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். நான்கு நடையையும் சேர்த்துப் பார்த்து, ஒரு நடைக்குச் சராசரி ஐந்து பேருக்குக் குறைந்தால் பிப்ரவரியிலிருந்து நிறுத்திவிடுவார்கள்.

அதே வாரம் கேரி கூப்பிட்டார். நிரந்தர இடம் இந்த வருடம் வேறு ஒருவருக்குப் போகிறது என்றார். "இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை" என்றார். பாதி நம்பினேன். எழுந்து கதவுக்கு வந்தபோது, "பதினான்கை நீயே ஓட்டு. உன்னைவிட்டால் அந்த நேரமெல்லாம் வேறு யாருக்கும் ஒத்துவராது" என்றார். அதை முழுதாக நம்பினேன்.

நான்கை ஐந்தாக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. டோரீன் கிராமத்துச் சர்ச்சில் ஒரு தாளை ஒட்டி, கார் வைத்திருப்பவர்களும் வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் போகும்படி பெயர் எழுத வைத்தார். ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் காரை வீட்டில் நிறுத்திவிட்டு, பழக்கமில்லாமல் தலையை இடித்துக்கொண்டு ஏறுவார். செல்வி லீவு நாளில் ஃப்ளாஸ்க்கில் காபி போட்டுக்கொண்டு கீழே ஏறி, மேலே போய், அதே வண்டியில் இறங்குவாள். கடலைப் பார்க்கவாவது வாங்களேன் என்று கூட வேலை செய்யும் நர்சுகளையும் இழுத்து வருவாள். கவின் வெள்ளிக்கிழமைகளில் எப்போதும்போல நண்பர்களோடு பள்ளி வண்டியில் ஏறினான், அது இந்தக் கணக்கில் சேராது. அவர்களில் ஒருவனுடைய அம்மா கூட்டத்துக்கு வந்திருக்கிறார். "நீங்கள்தானே அந்த நீட்ஃபுல் ஆள்?" என்று அந்தப் பையன் என்னைக் கேட்டான். கவின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பட்டும். இறங்கும்போது இன்னமும் "சியர்ஸ், டிரைவர்" என்றுதான் சொல்கிறான். இப்போது நானும் "சியர்ஸ், கெவ்" என்று சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு ஒரு தடவை அவனுக்குச் சிரிப்பு வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பிப்ரவரியில் பதினான்கு நிற்கவில்லை, ஈஸ்டர் வரை ஓடியது. எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்பி இறந்துபோனார். தூக்கத்தில். முந்தின நாள் மதியம்கூட டோரீன் கையால் சாப்பிட்டிருக்கிறார். கெல்லி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடக்கத்துக்குச் செல்வியும் நானும் போய் வந்தோம். அந்த வாரம் முழுக்கப் பதினொன்று நாற்பதுக்கு நிறுத்தத்தில் டோரீன் இல்லை. வெறும் பலகையைத் தாண்டும்போது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. சராசரி எங்கே இறங்குமோ என்ற பயம்தான் வந்தது. அதற்காக வெட்கப்பட்டேன், ஆனாலும் அதுதான் வந்தது. அந்த வார முடிவில் சராசரி நாலரைப் பேருக்குப் பக்கத்தில் நின்றது.

அடுத்த திங்கள்கிழமை காற்று வண்டியையே தள்ளியது. குன்றின் மேல் திருப்பி நிறுத்தினேன். நிறுத்தத்தில் ஒரு உருவம் மழைக்கோட்டோடு நின்றது. கதவைத் திறந்தேன். டோரீன். துணிப்பை இல்லை. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார்.

"டோரீன், இந்தக் காற்றில் ஏன் வந்தீர்கள்? எங்காவது போக வேண்டுமா?"

"ஒரு இடமும் இல்லை."

அட்டையை எடுத்து மெஷினில் வைத்தார். அது ஒலித்ததும், திரையில் எண் கூடுகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"மாதம் முடிய இன்னும் எத்தனை நாள்?"

"ஒன்பது."

"ஒன்பது நாளும் வருவேன். போகவும் வரவும் இரண்டு தடவை. கெல்லிக்கு அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது."

முதல் இருக்கையில் உட்கார்ந்து கோட்டின் பித்தானைக் கழற்றினார். எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கேட்டேன்.

"தெரியவில்லை" என்றார். "நீ எடு. கீழே போவதற்குள் யோசிக்கிறேன்."

கதவை மூடினேன். பதினொன்று நாற்பத்தொன்று ஆகியிருந்தது. ஒரு நிமிடம் தாமதம். அந்த ஒரு நிமிடத்தைக் கேரவன் மைதானம் வருவதற்குள் பிடித்துவிட்டேன்.